க்யூவைச் சேமித்த பிறகும் முந்தைய காட்சியின் வெளிச்சம் ஏன் போகவில்லை?

"க்யூஎல்சி பிளஸ்ஸில் லைட்டிங் க்யூக்களை எப்படி உருவாக்கிச் சேமிப்பது, இதைவிட நல்ல மென்பொருள் இருக்கிறதா" என்று கேட்டிருக்கிறீர்கள். (க்யூஎல்சி பிளஸ் என்பது மேடை விளக்குகளைக் கணினியிலிருந்து இயக்கும் மென்பொருள். க்யூ என்பது குறித்த தருணத்தில் நடக்க வேண்டிய ஒளி மாற்றம்.) ஆனால் அதற்குக் கீழே எழுதியிருக்கும் மூன்று வரிகளில்தான் விஷயம் இருக்கிறது. கல்லூரி நாடகக் குழு. 12 எல்இடி பார் (நிறம் மாறும் விளக்கு), 4 மூவிங் ஹெட் (தலை திரும்பும் விளக்கு), டிம்மரில் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டியில்) 6 ஹாலஜன் விளக்கு. காட்சிக்கு ஒரு ஸீன் (விளக்குகளின் ஒரு நிலையைப் பதிந்தது) செய்து, ஸீனுக்கு ஒரு பட்டன் வைத்திருக்கிறீர்கள். தனித்தனியாகப் போட்டுப் பார்த்தால் எல்லாம் சரி. ஒத்திகையில் வரிசையாக ஓட்டினால், இரவுக் காட்சியின் நீலம் அடுத்த பகல் காட்சியிலும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மூவிங் ஹெட் சம்பந்தமில்லாத மூலையைப் பார்க்கிறது. மூன்றாம் காட்சியைத் திருத்தினால் ஏழாம் காட்சி கெடுகிறது. ஆக, சேமிக்க உங்களுக்குத் தெரிகிறது. சேமித்தது ஏன் சேமித்தபடி திரும்பி வரவில்லை என்பதுதான் உண்மையான கேள்வி. மென்பொருளை மாற்றினால் இது தீராது, வேறு உருவத்தில் வரும்.

நான் 17 வருஷமாக நாடகத்துக்கும் நடனத்துக்கும் லைட் போடுகிறேன். ஆரம்பத்தில் ஆறு ஃபேடர் கொண்ட ஒரு டிம்மர் போர்டும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான். பிறகு நீங்கள் வைத்திருக்கும் இதே மென்பொருள், அப்புறம் ஈடிசி நிறுவனத்தின் ஈயாஸ் என்ற விளக்குக் கன்சோல். கச்சேரி மேடையில் கிராண்ட்எம்ஏ கன்சோலை வைத்துக்கொண்டு பாட்டுக்குப் பாட்டு விரல்களால் விளையாடுகிறவர்களின் வித்தை வேறு. அதைப் பற்றி நான் பேசினால் அது கேள்வி ஞானம்தான். வசனத்துக்கும் ஜதிக்கும் க்யூ போடுகிற ஒருவனின் பார்வையாகவே கீழே உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். மெனுப் பெயர்கள் க்யூஎல்சி பிளஸ் 4-ஆம் பதிப்பின்படி. உங்கள் கோப்பைப் பார்க்காமல் எழுதுகிறேன். முதல் இரண்டு சிக்கலுக்கும் காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியும். மூன்றாவதற்கு நான் சொல்வது ஊகம்.

நீலத்திலிருந்து தொடங்குவோம். விர்ச்சுவல் கன்சோலில் (திரையில் பட்டன்களை அடுக்கும் பக்கத்தில்) சும்மா ஒரு பட்டனை வைத்தால் அது வீட்டுச் சுவிட்ச் மாதிரி. அழுத்தினால் ஸீன் ஓடும். மறுபடி அழுத்தினால்தான் நிற்கும். நீங்கள் பகல் பட்டனை அழுத்தியபோது இரவுப் பட்டனை யாரும் அணைக்கவில்லை. இரண்டும் சேர்ந்து ஓடுகின்றன. ஒரே சேனலுக்கு (விளக்கின் ஒரு குணத்தை ஆளும் எண்ணுக்கு) இரண்டு ஸீன்கள் இரண்டு மதிப்பு சொன்னால் எது எடுபடும்? அதற்கு இந்தத் துறையில் இரண்டு விதிகள் உண்டு. வெளிச்ச சேனல்களில் எது பெரியதோ அது ஜெயிக்கும். இதை எச்டிபி என்பார்கள். பான் (பக்கவாட்டில் திரும்புவது), டில்ட் (மேலும் கீழும் சாய்வது), கோபோ (ஒளியில் உருவம் காட்டும் தகடு) மாதிரியான மற்றவற்றில் கடைசியாகச் சொன்னது ஜெயிக்கும், இது எல்டிபி. எல்இடி விளக்கின் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் இந்த மென்பொருள் வெளிச்ச சேனல்களாகத்தான் எடுத்துக்கொள்கிறது. இரவு ஸீனில் நீலம் 255. பகல் ஸீனில் சிவப்பு 255, பச்சை 160, நீலம் 40. இரண்டும் சேர்ந்து ஓடினால் மேடைக்குப் போவது 255, 160, 255. வெயில் கேட்ட இடத்தில் வெளிறிய ரோஜா நிறம் வந்து நிற்கும். நீங்கள் சேர்த்திருக்கும் படத்தில் தெரிவது அதுதான்.

இதற்கு அவசரப் பரிகாரம் சோலோ ஃப்ரேம். எல்லாப் பட்டன்களையும் ஒரு சோலோ ஃப்ரேமுக்குள் போட்டுவிட்டால், ஒன்றை அழுத்தியதும் மற்றது தானாக நின்றுவிடும். பேச்சுப் போட்டிக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் இது போதும். நாடகத்துக்கு நான் பட்டன்களைப் பரிந்துரைக்க மாட்டேன். நாற்பது பட்டனில் இருட்டில் சரியானதைத் தேடும் வேலையை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? ஸீன்களை வரிசையாக ஓட்டும் சேஸரும், அதைப் படிப்படியாக நகர்த்தும் க்யூ லிஸ்ட்டும் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூவிங் ஹெட்டின் கதை இதற்கு நேர் எதிர். ஒரு ஸீன் நின்றதும் அதன் வெளிச்ச சேனல்கள் 0-க்கு இறங்கிவிடும். ஆனால் பான், டில்ட் சேனல்கள் கடைசியாக எங்கே விட்டீர்களோ அங்கேயே நிற்கும். ஸீன் எடிட்டரில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு டிக் பெட்டி உண்டு, கவனித்திருப்பீர்கள். டிக் செய்த சேனல் மட்டும்தான் அந்த ஸீனுக்குள் சேரும். டிக் இல்லாத சேனலைப் பற்றி அந்த ஸீன் எதுவும் சொல்லாது. இரண்டாம் காட்சியில் மூவிங் ஹெட்டின் டிம்மரையும் நிறத்தையும் டிக் செய்துவிட்டு பான், டில்ட்டை விட்டிருந்தால், முதல் காட்சியில் அது எந்த மூலையைப் பார்த்ததோ அந்த மூலையிலேயே இரண்டாம் காட்சியிலும் எரியும். தனியாகப் போட்டுப் பார்க்கும்போது சரியாக இருந்ததற்குக் காரணம், நீங்கள் அப்போதுதான் அதைக் கையால் திருப்பி வைத்திருந்தீர்கள்.

ஒரு க்யூவுக்குள் எதைப் பதிகிறோம் என்பதில் இரண்டு பரம்பரைகள் உண்டு. ஒன்று, மேடையின் முழு நிலையையும் பதிவது: எந்த விளக்கு எவ்வளவு, அணைந்திருப்பது உட்பட. இன்னொன்று, மாற்றத்தை மட்டும் பதிவது. இதற்கு டிராக்கிங் என்று பெயர். முதல் க்யூவில் 5-ஆம் விளக்கை 70-ல் வைத்தீர்கள். இரண்டு, மூன்று, நான்காம் க்யூக்களில் அதைத் தொடவில்லை. யாராவது வேறு கட்டளை கொடுக்கும்வரை அது 70-லேயே தொடரும். இது கணினிக்காரர்கள் கண்டுபிடித்த விநோதம் அல்ல. அமெரிக்க மேடைகளில் பெரிய கைப்பிடி வைத்த டிம்மர் பெட்டிகளை ஆட்கள் நின்று இயக்கிய காலத்தில், ஒவ்வொருவர் தாளிலும் மாற்ற வேண்டிய கைப்பிடி மட்டும்தான் எழுதியிருக்கும். மாறாததை எழுதுவானேன்? 1975-ல் தாரன் மஸ்ஸர் பிராட்வேயில் ஒரு இசைநாடகத்துக்கு முதன்முதலாகக் கணினி நினைவகம் உள்ள போர்டைக் கொண்டுவந்தார். கைப்பிடிகள் போய்விட்டன, அந்தத் தாளின் தர்க்கம் இன்றைய ஈயாஸ் வரை வந்திருக்கிறது.

உங்கள் மென்பொருள் இந்த இரண்டில் எதுவும் இல்லை என்பதுதான் வம்பு. நீங்கள் எல்லாச் சேனலையும் டிக் செய்தால் முழு நிலை. சிலவற்றை மட்டும் டிக் செய்தால் டிராக்கிங் மாதிரி ஒன்று, ஆனால் உண்மையான டிராக்கிங் அல்ல. வித்தியாசம் எங்கே தெரியும் தெரியுமா? நடிகர் வசனத்தை மறந்து பிரதியில் இரண்டு பக்கத்தைத் தாவிவிடும்போது. அமெச்சூர் நாடகத்தில் இது நடக்காத வருஷம் கிடையாது. ஈயாஸில் 12-ஆம் க்யூவிலிருந்து நேராக 19-க்குத் தாவினால், முதல் க்யூவிலிருந்து வரிசையாக வந்திருந்தால் 19-ல் மேடை எப்படி இருக்குமோ அதைக் கணக்குப் போட்டு நிறுத்தும். உங்கள் மென்பொருள் அந்தக் கணக்கைப் போடாது. 19-ஆம் ஸீனுக்குள் என்ன டிக் செய்திருக்கிறதோ அதை மட்டும் அனுப்பும். மிச்சம், தாவுவதற்கு முன் எப்படிக் கிடந்ததோ அப்படி.

அதனால் உங்கள் அளவு மேடைக்கு என் தீர்ப்பு தெளிவானது: ஒவ்வொரு ஸீனிலும் எல்லா விளக்கும், எல்லாச் சேனலும். பார் ஒவ்வொன்றும் 7 சேனல், மூவிங் ஹெட் 16 சேனல் என்று வைத்துக்கொண்டால்கூட மொத்தம் 154 சேனல்தான். டிஎம்எக்ஸ் என்பது விளக்குகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் முறை; அதில் யூனிவர்ஸ் எனப்படும் ஒரு தொகுதியில் 512 வரை போகும். க்யூவுக்கு 154 எண்ணைப் பதிவதில் கணினிக்கு ஒரு சுமையும் இல்லை. அணைந்த விளக்கையும் 0 என்று சொல்லிப் பதியுங்கள். எளிய வழி: சிம்பிள் டெஸ்க்கிலோ (சேனலுக்கு ஒரு ஸ்லைடர் காட்டும் பக்கம்) கன்சோல் ஸ்லைடர்களிலோ மேடையைக் கண்ணுக்குப் பிடித்தபடி அமைத்து, டம்ப் கட்டளையால் அதை அப்படியே புது ஸீனாக இறக்குங்கள். அந்தப் பெட்டியில் பூஜ்யம் அல்லாத மதிப்புகளை மட்டும் பதியச் சொல்லும் ஒரு தேர்வு இருக்கும். அதில் டிக் இருக்கக் கூடாது. 0 என்பதும் ஒரு தகவல். பலர் கால் தடுக்கும் இடம் இது, நானும் தடுக்கி விழுந்திருக்கிறேன்.

மூன்றாவது சிக்கல், திருத்தினால் இன்னொரு காட்சி கெடுவது. என் ஊகம் இது: மூன்றாம் காட்சியும் ஏழாம் காட்சியும் அதே வீட்டுக் கூடம், அதே மாலை நேரம். ஒரே ஸீனை இரண்டு இடத்திலும் பயன்படுத்தியிருப்பீர்கள். பட்டனோ சேஸரின் படியோ ஸீனின் நகலை வைத்துக்கொள்வதில்லை, அதைச் சுட்டிக்காட்ட மட்டும் செய்கிறது. மூலத்தைத் திருத்தினால் சுட்டுகிற எல்லா இடமும் மாறும். வேண்டும் என்று செய்தால் இது வரம்: கூடத்தின் மஞ்சளை ஒரு இடத்தில் குறைத்தால் நாடகம் முழுக்கக் குறையும். தெரியாமல் செய்தால் சாபம். தனியாகத் திருத்த வேண்டுமென்றால் முதலில் ஸீனை குளோன் செய்து, நகலை ஏழாம் இடத்தில் வையுங்கள். நாளைக்கு ஈயாஸுக்குப் போனாலும் இதே குறையைச் சொல்வீர்கள், அங்கே காரணம் மட்டும் வேறு: மூன்றாம் க்யூவில் செய்த திருத்தம் டிராக்கிங்கால் முன்னோக்கி ஓடி ஏழைத் தொட்டிருக்கும். அதைத் தடுக்க அந்தத் திருத்தத்தை க்யூ ஒன்லி என்று பதிய வேண்டும், அல்லது காட்சித் தொடக்கத்தில் பிளாக் போட்டு ஓட்டத்தை அங்கே நிறுத்த வேண்டும்.

இனி கட்டுவது. ஃபங்ஷன்ஸ் பகுதியில் நாடகம் முழுவதற்கும் ஒரே ஒரு சேஸர் செய்து, ஸீன்களை வரிசையாகப் படிகளாக இடுங்கள். புதிதாகச் செய்யும் சேஸர் நாடகத்துக்கு ஏற்றபடி இருக்காது, டிஸ்கோவுக்கு ஏற்றபடி இருக்கும். ஓட்ட முறையை லூப்பிலிருந்து சிங்கிள் ஷாட்டுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் கடைசி க்யூவுக்குப் பிறகு ஒரு முறை கூடுதலாகக் கை பட்டால், வணக்கம் சொல்லி நிற்கும் நடிகர்கள் மேல் முதல் காட்சியின் விடியல் விழும். ஃபேட் இன் (ஏறும் நேரம்), ஃபேட் அவுட் (இறங்கும் நேரம்), கால அளவு மூன்றையும் பெர் ஸ்டெப் என்று வையுங்கள், அப்போதுதான் க்யூவுக்கு க்யூ வேறு நேரம் கொடுக்கலாம். ஃபேட் நேரத்தை டிஃபால்ட் என்று விட்டால் ஸீனுக்குள் இருக்கும் நேரம் எடுபடும். சேஸரில் கொடுத்துப் பார்த்துவிட்டு 'மாறவே மாட்டேன் என்கிறது' என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தையும் குழப்பிக்கொண்டவர்கள். ஹோல்டை (ஒரு படி நிற்கும் நேரத்தை) முடிவிலியாக வையுங்கள். அது நீங்கள் அடுத்ததை அழுத்தும்வரை காத்திருக்கும். எண் கொடுத்தால் அந்த நேரம் முடிந்ததும் தானாக அடுத்த படிக்குப் போய்விடும். மின்னல் மாதிரி இரண்டு மூன்று படி சேர்ந்து ஓட வேண்டிய இடத்தில் மட்டும் எண் கொடுங்கள். பிறகு விர்ச்சுவல் கன்சோலில் ஒரு க்யூ லிஸ்ட்டை வைத்து இந்தச் சேஸரை அதில் இணைத்து, அடுத்த க்யூவுக்கு ஸ்பேஸ் பாரை ஒதுக்குங்கள். முடிந்தது. சேஸரில் ஒரு படி தொடங்கும்போது முந்தைய படி தானாக நிற்பதால், உங்கள் நீலம் இதிலேயே போய்விடும்.

நேரம் கொடுப்பதைப் பற்றி எத்தனை பேரைக் கேட்டாலும் அத்தனை பதில் வரும், ஏனென்றால் அது ரசனை. நான் வைத்துக்கொள்ளும் கணக்கைச் சொல்கிறேன். காட்சி முடிந்து இருட்டுவது 2 வினாடி. அதிர்ச்சியில் முடிகிற காட்சி என்றால் 0. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு வெளிச்சம் நகர்வது 4 முதல் 6 வினாடி. பார்வையாளருக்குத் தெரியாமல் நடக்க வேண்டிய மாற்றம் 30 வினாடிக்கு மேல். ஒரு விஷயம் மட்டும் ரசனை அல்ல, அனுபவம்: ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும் மாற்றத்தில், ஏறுவது கொஞ்சம் வேகமாகவும் இறங்குவது மெதுவாகவும் இருக்கட்டும். ஏற்றம் 3, இறக்கம் 5 என்பது போல. இரண்டும் சமமாக இருந்தால் நடுவில் மேடை ஒரு கணம் பள்ளத்தில் இறங்கி ஏறுவது போலத் தெரியும். ஈயாஸில் ஒரே க்யூவுக்கு ஏற்ற நேரம், இறக்க நேரம் இரண்டையும் தனித்தனியாகக் கொடுக்கலாம். உங்கள் மென்பொருளில், எல்லாச் சேனலும் உள்ள ஸீன்களில் இரண்டையும் ஃபேட் இன் ஒன்றுதான் ஆளும். அதனால் இதை இரண்டு க்யூவாக உடைத்து, ஏற்றுவது முதலில், இறக்குவது தானாகத் தொடர்வதாக வைக்கிறேன். கொஞ்சம் சுற்று வழிதான்.

மூவிங் ஹெட் இருப்பதால் இன்னொன்று. 5 வினாடி ஃபேட் கொடுத்த ஸீனில் பான், டில்ட்டும் அதே 5 வினாடியில்தான் நகரும். வெளிச்சம் ஏற ஏறத் தலையும் திரும்புவதால், ஒளிக்கற்றை அரங்கச் சுவரையும் பேராசிரியர்கள் உட்கார்ந்திருக்கும் முதல் வரிசையையும் தடவிக்கொண்டு வந்து நாயகி மேல் நிற்கும். சிரிப்பு வரும். எனவே முந்தைய இருட்டு க்யூவிலேயே டிம்மர் 0-ல் இருக்க, தலையைப் புது இடத்துக்குத் திருப்பி வைத்துவிடுங்கள். அடுத்த க்யூவில் வெளிச்சம் மட்டும் ஏறட்டும். பெரிய கன்சோல்கள் இதைத் தாமாகவே செய்யும், மார்க் என்று பெயர். நம் கையில் இருப்பதில் நாம்தான் செய்ய வேண்டும். அதேபோல நிறச் சக்கரம், கோபோ சக்கரம் உள்ள சேனல்களுக்கு ஃபேட் கூடாது. சிவப்பிலிருந்து நீலத்துக்கு 5 வினாடியில் போகச் சொன்னால் நடுவில் உள்ள எல்லா நிறத்தையும் காட்டிவிட்டுத்தான் போகும். சேனல் ப்ராப்பர்டீஸில் அந்தச் சேனலுக்கு ஃபேட் தேவையில்லை என்று டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஹாலஜனும் எல்இடியும் கலந்திருப்பது இன்னொரு தலைவலி. ஹாலஜன் இழை சூடாகி எரியவும் ஆறி அணையவும் ஒரு மூச்சு எடுத்துக்கொள்ளும். குறைந்த அளவில் சிவந்திருக்கும். எல்இடி அப்படி இல்லை, சொன்னதும் செய்யும். ஒரே நேரத்தைக் கொடுத்தால் எல்இடி முந்திக்கொள்வது போலத் தெரியும். மெதுவான ஃபேட்டில் இன்னும் மோசம். டிஎம்எக்ஸ்ஸில் ஒரு சேனலுக்கு 0 முதல் 255 வரைதான் படிகள். 60 வினாடியில் முழு ஏற்றம் என்றால் வினாடிக்குச் சுமார் 4 படி. 200-லிருந்து 201-க்குப் போவது யார் கண்ணுக்கும் தெரியாது. 1-லிருந்து 2-க்குப் போவது வெளிச்சம் இரட்டிப்பாவது. இருட்டு அரங்கில் அது படிக்கட்டு ஏறுவது போலத் தட்டுத் தட்டாகத் தெரியும். விளக்கில் 16 பிட் டிம்மர் (இன்னும் நுண்ணிய படிகள் கொண்டது) வசதியோ டிம்மர் வளைவைத் தேர்ந்தெடுக்கும் மெனுவோ இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் விடியலை ஹாலஜனிடம் கொடுத்துவிடுங்கள். அந்த ஆறு பழைய விளக்கும் விடியலுக்காகவே பிறந்தவை.

பெயர் வைப்பதைச் சோம்பேறித்தனத்தால் தள்ளிப்போடாதீர்கள். 'ஸீன் 14' என்ற பெயர் இரண்டு நாளில் அர்த்தமிழந்துவிடும். 'கூடம் மாலை, அப்பா நாற்காலி மட்டும்' என்று எழுதுங்கள். க்யூ லிஸ்ட்டின் குறிப்புப் பத்தியில் எந்த வசனத்துக்கு அழுத்த வேண்டும் என்று எழுதுங்கள். இதையெல்லாம் கணினியில் வைத்தாலும் காகிதத்தில் ஒரு க்யூ தாள் இருக்கட்டும்: எண், வசனப் பிரதியின் பக்கம், வசனம் அல்லது அசைவு, என்ன மாறுகிறது, எத்தனை வினாடி. வசனத்தைவிட அசைவுக்கு க்யூ வைப்பது எனக்குப் பிடிக்கும். மேடைப் பயத்தில் நடிகர் வசனத்தை விழுங்கிவிடலாம், நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமல் இருக்க மாட்டார். வசனத்துக்குத்தான் வைக்க வேண்டுமென்றால் கடைசிச் சொல்லை எழுதாமல் அதற்கு இரண்டு சொல் முந்தையதை எழுதுங்கள். கேட்டு, விரல் அசைந்து, விளக்கு ஏறத் தொடங்குவதற்குள் கடைசிச் சொல் முடிந்திருக்கும்.

நடனத்துக்கும் இதே மென்பொருளைப் பயன்படுத்தலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். பயன்படுத்தலாம். பதிவு செய்த இசை என்றால் ஷோ என்ற காலக்கோட்டு வசதியில் இசையையும் ஸீன்களையும் அருகருகே அடுக்கி ஓடவிடலாம். நட்டுவாங்கம் நேரடியாக இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒரே வர்ணம் (நடன உருப்படி) முந்தைய நாள் ஒத்திகையைவிட அரங்கில் ஓரிரு நிமிடம் நீளலாம், சுருங்கலாம். தீர்மானத்தின் (ஜதியை முடித்துவைக்கும் பகுதி) கடைசி அடியில் வெளிச்சம் மாற வேண்டுமென்றால் தாளத்தை எண்ணிக்கொண்டு விரலால் அழுத்துவதுதான் வழி. காலக்கோட்டை வைத்துக்கொண்டு நேரடி நடனத்துக்கும் செய்துகாட்டுகிறவர்கள் இருக்கலாம். எனக்கு அந்தத் துணிச்சல் வந்ததில்லை.

அடுத்து, நிஜமான சேமிப்பு. க்யூவைப் பதிவது வேறு, கோப்பைச் சேமிப்பது வேறு. ஸீன் எடிட்டரில் மாற்றியது கணினியின் நினைவகத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். கன்ட்ரோல் எஸ் அழுத்தும்வரை வட்டில் எதுவும் இல்லை. இதை நான் கற்றது ஒரு மாவட்டத் தலைநகர அரங்கத்தில். அங்கேயே இருந்த மேசைக் கணினியில் காலையிலிருந்து உட்கார்ந்து 42 க்யூவைச் சரிசெய்தேன். மாலை நாலு மணிக்குக் கரண்ட் போனது; ஜெனரேட்டருக்கு மாறும் அந்த இரண்டு வினாடியில் கணினி அணைந்து எழுந்தது. யூபிஎஸ் இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை. வட்டில் இருந்தது முந்தைய இரவின் கோப்பு. ஆறரை மணி நாடகத்துக்குக் காகிதத்தைப் பார்த்து 20 க்யூவை மட்டும் திரும்பப் போட்டேன், மிச்சத்தை ஸ்லைடரில் கையால் ஓட்டினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு காட்சி முடிந்ததும் சேமிக்கிறேன். அதுவும் அதே பெயரில் இல்லை, நாளும் வரிசை எண்ணும் சேர்த்துப் புதுப் பெயரில். 'நேற்று இருந்ததே நல்லா இருந்தது' என்று இயக்குநர் சொல்லும்போது நேற்று கையில் இருக்க வேண்டும்.

உங்கள் கோப்பு க்யூஎக்ஸ்டபிள்யூ என்ற நீட்சியுடன் இருக்கும். அதை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு வேறு கணினிக்குப் போனால் போதாது. பெட்டியில் பெயரே இல்லாத பார் விளக்குகளுக்கு நீங்கள் ஃபிக்ஸ்சர் எடிட்டரில் சொந்தமாக வரையறை எழுதியிருந்தால், அது க்யூஎக்ஸ்எஃப் நீட்சியுடன் தனிக் கோப்பாக இன்னொரு இடத்தில் இருக்கிறது. அதையும் சேர்த்து எடுங்கள். போன இடத்தில் டிஎம்எக்ஸ் வெளியீடு சரியான யுஎஸ்பி கருவிக்குப் போகிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு மற்றதெல்லாம்.

அந்தக் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. மலிவான யுஎஸ்பி டிஎம்எக்ஸ் கம்பிகளுக்குள் சொந்த மூளை கிடையாது. சமிக்ஞையின் நேரக் கணக்கை உங்கள் மடிக்கணினியே பார்த்துக்கொள்ள வேண்டும். கணினி வேறு வேலையில் மூச்சு வாங்கினால் விளக்கு துடிக்கும். சொந்தச் செயலி உள்ள கருவியில் அந்தத் தொல்லை குறைவு, விலை பல மடங்கு. உங்களிடம் மலிவானதுதான் இருக்கிறது என்றால், நாடக நாளில் உலாவியை மூடி, வைஃபையை அணைத்து, தூக்க நிலையையும் யுஎஸ்பி மின்சேமிப்பையும் நிறுத்தி, சார்ஜரைச் செருகி வையுங்கள். கன்சோலை ஆபரேட் மோடுக்கு மாற்றுங்கள், தற்செயலாக மவுஸ் பட்டு எதுவும் நகராது.

வேறு மென்பொருள் பற்றிய கேள்விக்கு: ஈயாஸை நோமாட் என்ற பெயரில் விண்டோஸ் அல்லது மேக் மடிக்கணினியில் இலவசமாக நிறுவிக் கற்கலாம். விளக்குக்கு வெளியீடு வேண்டுமென்றால்தான் காசு கொடுத்து வாங்கும் டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் உரிமச் சாவி) தேவை. டிராக்கிங், பிளாக், க்யூ ஒன்லி எல்லாவற்றையும் அதில் பழகிக்கொண்டால் பெரிய அரங்கத்தில் கன்சோல் முன்னால் உட்காரும்போது கை நடுங்காது. ஆனால் நாடகத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது மாற்றாதீர்கள். இருப்பதே போதும், அதற்கு உரிமக் கட்டணமும் இல்லை.

சேஸரைக் கட்டிய பிறகும் ஏழாம் காட்சி மாறினால் என் ஊகம் தவறு. அப்போது மூன்றாம், ஏழாம் படிகளில் எந்த ஸீன் இருக்கிறது என்று தெரிகிற மாதிரி சேஸரின் திரைப் படம் ஒன்றை இங்கேயே போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.